மீன் பார்க்காத பிடி

ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் ஐம்பதை எட்டும்போது மூன்றில் ஒன்று நடக்கும். ஒருவர் கோயில் நிர்வாக சபைக்குப் போட்டியிடுவார். இன்னொருவர் பழைய மாணவர் சங்கத்தில் பொருளாளராக நிற்பார். இரண்டிலும் தோற்றவர் தூண்டில் வாங்குவார். என்னிடம் இப்போது நான்கு தூண்டில்கள் இருக்கின்றன.

சனிக்கிழமை விடிய நான் புறப்படும் சத்தம் கேட்டதும் மனுசியும் எழும்பிவிடுவாள். எனக்குத் தேநீர் ஊற்ற அல்ல. தமிழ்க் கடையில் நல்ல விளைமீன் எட்டு மணிக்குள் முடிந்துவிடும் என்பதால் அவளும் மீனுக்குத்தான் புறப்படுகிறாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் இரு திசைகளில் மீன் தேடிப் போவோம். திரும்பும்போது வீட்டில் மீன் இருக்கும். எவருடைய மீன் என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

மீன் படாதவனின் மனம் தூண்டிலில் கீழிருந்து மேலே ஏறும் என்பது என் ஆராய்ச்சி. முதலில் புழுவில் பிழை காண்பான். பிறகு முள்ளின் அளவு சரியில்லை என்பான். அதன்பின் தங்கூசி தடிப்பு, மீன் கண்டுபிடிக்கிறது என்பான். அதையும் மாற்றிய பின் நூல் சுற்றும் றீல் அவன் கண்ணில் படும். எல்லாவற்றையும் மாற்றி முடித்தவன் கடைசியாகத் தன் கைக்குள் இருக்கும் பிடிக்கு வந்து சேருவான். தூண்டிலில் மீனுக்கு ஆகத் தூரமான இடம் அது. இந்தப் பக்கம் ஏழடித் தடி, அதற்கப்பால் நூல், அதற்கப்பால் தண்ணீர். எந்த மீனும் எந்தக் காலத்திலும் தூண்டிலின் பிடியைப் பார்த்து முடிவெடுத்ததில்லை. ஆனால் பிடிவரை ஏறிவந்தவனுக்கு மீனைப் பற்றிய கவலையும் அநேகமாகத் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அவன் கலைஞன்.

கடைத் தூண்டில்களின் பிடி இரண்டு வகை. ஒன்று கறுப்பு நுரை. மற்றது கோர்க். கோர்க் என்பது மரத்தின் பட்டை என்பதே எனக்கு ஐம்பதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உலகத்துக் கோர்க்கில் ஏறக்குறையப் பாதி போர்த்துக்கலில் இருந்து வருகிறது. அந்த ஓக் மரத்தை வெட்டுவதில்லை; நிற்க வைத்தே உரிக்கிறார்கள். முதல் உரிப்புக்கு மரத்துக்கு ஏறத்தாழ 25 வயதாக வேண்டும். ஒருமுறை உரித்தால் அடுத்த 9 வருடங்களுக்குத் தொடக்கூடாது. உரித்த வருடத்தின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே வெள்ளைப் பெயின்ற்றால் எழுதிவிடுவார்கள். 2024இல் உரித்த மரத்தில் 4 என்றிருக்கும். முதல் இரண்டு தடவை வரும் பட்டை கரடுமுரடு. மூன்றாம் தடவைதான் போத்தல் மூடிக்கு ஏற்ற பட்டை வரும். அதாவது நாற்பது வயது தாண்டித்தான் அந்த மரத்துக்குத் தரம் வருகிறது. நாற்பதைத் தாண்டியும் தரம் வராத உதாரணங்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு என்று மனுசி சொன்னாள்.

அந்தத் தரமான கோர்க் முதலில் வைன் போத்தலுக்குப் போகிறது. மலிவுத் தூண்டிலுக்கு வந்து சேருவதில் குழிகள் அதிகம். அந்தக் குழிகளைக் கோர்க் தூளும் பசையும் குழைத்து அடைத்து மினுக்கி விற்கிறார்கள். சில காலம் தண்ணீரில் நனைந்ததும் அடைத்தது உதிர்ந்து குழிகள் வெளியே வரும். இதை நான் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன். 1665இல் றொபேர்ட் ஹூக் என்பவர் இதே கோர்க்கை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துத்தான் அங்கே தெரிந்த சின்ன அறைகளுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அது சோதனைக்கு வராது அப்பா,” என்றாள்.

போர்த்துக்கேயருக்கும் பட்டைக்கும் ஏதோ பழைய தொடுப்பு இருக்கிறது. 1505இல் இலங்கைக் கரையில் ஒதுங்கியவர்கள் திரும்பத் திரும்ப வந்ததற்குக் கறுவாப்பட்டை ஒரு பெரிய காரணம். 1619இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அங்கே கறுவா இல்லை, பனைதான் நின்றது. பனையில் உரிக்க எதுவும் இல்லை என்று அவர்களுக்கு யாராவது முன்னமே சொல்லியிருந்தால் எங்களுடைய சரித்திரம் வேறு மாதிரிப் போயிருக்கும். அவர்களிடம் மறுபடியும் பட்டைக்காகக் கையேந்துவதில்லை என்று தீர்மானித்தேன். ஒன்ராறியோவில் கோர்க் மரம் வளராது. ஆனால் பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை பேர்ச் மரம் நிற்கிறது. பின்லாந்துக்காரர் அதன் பட்டையைச் சதுரமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, நெரித்துக் கத்திக்குப் பிடி போடுவார்கள். கத்திக்குப் பிடி ஆகுமென்றால் தூண்டிலுக்கு ஆகாதா?

பேர்ச் பட்டை லேசுப்பட்ட சாமான் இல்லை. அதில் பெற்றுலின் என்றொரு பொருள் இருக்கிறது. மரத்தின் வெள்ளை நிறமே அதனால்தான். தண்ணீர் உள்ளே இறங்காது. காட்டில் விழுந்த மரம் உள்ளே உக்கித் தூளாகிப் போன பிறகும் பட்டை மட்டும் குழாயாகக் கிடக்கும். அனிஷினாபே மக்கள் இந்தப் பட்டையால் தோணி கட்டினார்கள். ஸ்புறூஸ் மர வேரால் தைத்து, அதே மரத்தின் பிசினால் பொருத்து அடைத்த தோணி. பட்டையின் வெள்ளைப் பக்கம் தோணிக்கு உள்ளே இருக்கும். மரத்தோடு ஒட்டியிருந்த பக்கம்தான் வெளியே தண்ணீரைப் பார்க்கும். பீற்றர்பரோவில் தோணிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2024இல் ஏரிக்கரையில் புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறார்கள். குடும்பத்தை அழைத்துப் போனேன். அதை அவர்கள் சுற்றுலா என்று நினைத்தார்கள். நான் ஒரு தோணிக்கு முன்னால் முழங்காலில் நின்று பட்டையின் தடிப்பைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தபோதுதான் மகளுக்கு விளங்கியது. “அம்மா, இது தூண்டிலுக்கு,” என்று காட்டிக் கொடுத்துவிட்டாள்.

வரும் வழியில் மகனுக்குப் புத்தி வரட்டும் என்று நொவ்கொறொட் கதையைச் சொன்னேன். ரஷ்யாவில் அந்த ஊர்ச் சேற்றுக்குள் இருந்து 1951 முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேர்ச் பட்டைக் கடிதங்களை எடுத்திருக்கிறார்கள். அவற்றில் 13ஆம் நூற்றாண்டுச் சிறுவன் ஒருவனின் பாடங்களும் இருக்கின்றன. பெயர் ஒன்ஃபிம், வயது ஆறு ஏழு இருக்கும். எழுத்துகளை வரிசையாக எழுதிப் பழகியிருக்கிறான். இடையிடையே குதிரையில் ஏறி எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனாகத் தன்னையே கீறி, பக்கத்தில் பெயரும் எழுதியிருக்கிறான். “பாத்தியா மோனை, எழுநூறு வருசத்துக்கு மேலே அவன்ர ஹோம்வேர்க் பத்திரமா இருக்கு,” என்றேன்.

மகன் யோசித்தான். “அவனும் படிக்காமல் படம் கீறினவன்தானே?”

எப்போதும்போல அவன் கதையின் சாரத்தைப் பிடித்துவிட்டான்.

அடுத்தது பட்டைக்கு எங்கே போவது. நிற்கிற மரத்தில் கைவைக்கக் கூடாது. வெளிப்பட்டையை உரித்தால் அந்த இடம் கறுத்துத் தழும்பாகும். கத்தி உள்பட்டைக்கும் இறங்கி மரத்தைச் சுற்றி வந்துவிட்டால் மரமே செத்துப்போகும். மாகாணப் பூங்காக்களில் அது சட்டவிரோதமும் கூட. கனடாவில் மரத்தை உரித்துப் பிடிபட்ட தமிழர் என்று ஒரு செய்தி வந்தால், ஊரில் இருக்கும் மாமியார் அதைக் கத்தரித்து வைத்திருப்பார். ஆகவே விறகு. றைஸ் லேக் போகும் வழியில் வீட்டுப் படலைகளில் விறகை அடுக்கி, பக்கத்தில் காசுப் பெட்டி ஒன்றை வைத்திருப்பார்கள். காசைப் போட்டுவிட்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சிக்கல். விறகை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் காவிக்கொண்டு போகாதீர்கள் என்று இந்த நாட்டில் ஓயாமல் சொல்லுவார்கள். ஆசியாவில் இருந்து வந்த பச்சை வண்டு ஒன்று 2002இல் வின்ட்சர் நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து அது விறகோடு விறகாகப் பயணம் செய்து ஆஷ் மரங்களை ஊர் ஊராகத் தின்று தீர்க்கிறது. என்னுடையது வேறு மரம். ஆனாலும் ஆசியாவில் இருந்து வந்து இங்கே குடியேறியவன் என்ற முறையில் இந்த விசயத்தில் நான் கூடுதல் கவனமாக இருக்க விரும்பினேன். காசைப் பெட்டியில் போட்டேன். தெருவோரத்திலேயே குந்தியிருந்து பேர்ச் கட்டைகளில் நல்ல பட்டையாகப் பார்த்து உரித்தேன். கட்டைகளைத் திரும்ப அடுக்கிவைத்தேன். வீட்டுக்காரரான வெள்ளைக்கார முதியவர் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விறகு?” என்று கேட்டார்.

“வேண்டாம்.”

“ஆர் யூ ஓகே?” என்றார். மெய்யான அக்கறையோடுதான் கேட்டார். காசைத் திருப்பித் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றதும் அக்கறை கூடியது.

உரித்த பட்டை தன்பாட்டில் சுருளும், அதுவும் மரத்தில் இருந்ததற்கு எதிர்த்திசையில். சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, பாரம் ஏற்றி நிமிர்த்த வேண்டும். வீட்டில் பட்டை முழுதாக மூழ்கும் பாத்திரம் ஒன்றுதான் உண்டு.

“இஞ்சேருங்கோ, இந்தப் பானையிலை என்ன அவியுது?”

“பட்டை.”

“கறுவாப்பட்டையோ? இவ்வளவோ?”

“இல்லை. மரப்பட்டை.”

அவள் நெடுநேரம் பானையைப் பார்த்தாள். “ஆருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

நிமிர்த்துவதற்கு மொட்டைக்கறுப்பன் அரிசி மூட்டையைத் தேர்ந்தெடுத்தேன். பட்டைகளைத் துவாயில் சுற்றி, பலகைக்குள் வைத்து, மேலே மூட்டையை ஏற்றினேன். அந்தத் திட்டத்தில் நான் எண்ணிப் பார்க்காத அம்சம், நாங்கள் அரிசி தின்கிற குடும்பம் என்பது. ஒவ்வொரு நாளும் உலை வைக்க வைக்கப் பாரம் குறைந்தது. பட்டை மெல்ல மெல்லத் தலை தூக்கியது. ஒரு கட்டத்தில் இரவுக்கு இடியப்பம் சாப்பிடலாமே என்று நான் வற்புறுத்தத் தொடங்கினேன். காரணம் வெளிவந்ததும் அந்தக் கிழமை முழுக்கச் சோறுதான்.

நிமிர்ந்த பட்டையை ஒன்றரை அங்குலச் சதுரங்களாக வெட்டி நடுவில் துளை போட வேண்டும். ஒரு சதுரம் ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு வரும். ஏழங்குலப் பிடிக்கு நூற்றுக்கு மேல் வேண்டும். மகளின் பள்ளிக்கூடக் கடதாசித் துளைகருவி அதிலே தன் கடமையை முடித்துக்கொண்டது. பட்டையில் கிடையாக ஓடும் சின்னச் சின்னக் கோடுகளைப் பார்த்து, ஒன்று இப்படி, அடுத்தது அப்படி என்று மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். அப்போதுதான் பிறகு வெடிக்காது. ஒவ்வொன்றுக்கும் எப்பொக்சிப் பசை பூசி, மரையுள்ள இரும்புக் கம்பியில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை கோப்பதுபோலக் கோத்தேன். இரண்டு பக்கமும் வளையம் போட்டு, நட்டுகளை முறுக்கி முறுக்கி நெரித்தேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பொக்சியும் கடையில் இருக்கிறது. அதை வாங்குகிறவர்களுக்கு நூறு சதுரம் கோக்கும் வேலை இல்லை என்று நினைக்கிறேன். என்னுடையது ஆறுதலாக இறுகும் வகை. ஒரு நாள் முழுக்க அசையாமல் நிற்க வேண்டும்.

அசையாத இடம் என்றால் எங்கள் வீட்டில் பேஸ்மென்ற் சுவரோரம். அங்கே வாடகைக்கு இருக்கும் தம்பி இரவு வேலை முடிந்து வந்தவர், இருட்டில் நட்டுக்குத்தென நின்ற அந்தக் கம்பியையும் அதில் கோத்திருந்த பட்டைகளையும் கண்டு சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒதுங்கிப் போயிருக்கிறார். அடுத்த நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணை, இது பூசைக்கோ?” பட்டை, தூண்டில், பின்லாந்து என்று நான் விளக்க விளக்க, பூசை என்றே சொல்லியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

கடைசல் பட்டறை இல்லாதவனுக்கு மின்துளைகருவி. கம்பியின் ஒரு முனையை அதில் மாட்டி, மறு முனையைப் பலகைத் துளையில் தாங்கவிட்டுச் சுழற்றினால் பட்டைச் சதுரங்கள் சுழலும். முதலில் அரத்தால் மூலைகளைத் தட்டி, பிறகு 60ஆம் இலக்க அரத்தாள், 120, 220, 400 என்று போக வேண்டும். இந்த இடத்தில்தான் வேலை உண்மையிலேயே பிடித்துப்போனது. சதுரம் மெல்ல மெல்ல உருளையானது. தேன் நிறமும் கறுவல் நிறமுமாகக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்தன. எந்தப் பட்டை எந்தக் கட்டையில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம் போல இருந்தது. கராஜில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிளந்த வாய்க்குள் தூள் போனது. முகமூடி போடுங்கோ என்று மனுசி முதலே சொல்லியிருந்தாள்.

தூள் வாயோடு நிற்கவில்லை. கோயில் தேருக்கென்று தோய்த்துக் கராஜ் கொடியில் போட்டிருந்த பட்டு வேட்டியை நான் பார்க்கவில்லை. நல்ல மெல்லிய, சீரான, காவி நிறம். எவ்வளவு உதறியும் முழுதாகப் போகவில்லை. தேரன்று அதையே கட்டிக்கொண்டு போனேன். “என்ன அண்ணை, எப்ப துறவு?” என்றார் பழைய மாணவர் சங்கப் பொருளாளர், அதுதான் என்னைத் தோற்கடித்தவர். பக்கத்தில் நின்ற மனுசி எனக்கு முந்திப் பதில் சொன்னாள்: “கேட்டுப் பாத்திட்டன். போறாரில்லையாம்.”

பிடிகளுக்கு வடிவங்கள் பல உண்டு. அதில் பெயர்பெற்ற ஒன்று சுருட்டு வடிவம். நடுவில் பருத்து இரு நுனியும் ஒடுங்கியது. யாழ்ப்பாணத்தானுக்குச் சுருட்டின் அளவை ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெரியப்பாவின் விரல்களுக்கிடையில் இருந்ததை நினைவில் வைத்துக் கடைந்தேன். கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. பெரியப்பாவும் பெரிய ஆள்தான். பிறகு பழைய தூண்டில் ஒன்றின் பின்பக்க நுரையைக் கத்தியால் சீவி எடுத்தேன். தடி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கியது. துளையும் அதற்கேற்றபடி ஒடுங்கிப் போக வேண்டும். உருண்டை அரத்தால் கொஞ்சம் அராவி, போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடியும் அராவிப் பசை வைத்து இறுக்கினேன். எண்ணெய் பூசித் துடைத்தேன். சொல்ல வெட்கமில்லை, வடிவாக இருந்தது. ஈரக்கையில் வழுக்காது. ஏப்ரல் குளிரிலும் விரல் விறைக்காது. செலவுக் கணக்கை மனுசி குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள்: விறகு, எப்பொக்சி, கம்பி, அரத்தாள், துளைகருவி, துளைகருவிக்கு மாட்டும் வேறு ஏதோ. கீழே, அந்தக் காசுக்கு எத்தனை கிலோ அறக்குளா வரும் என்றும் வகுத்திருந்தாள்.

ஸ்காபரோவில் பிளஃபர்ஸ் பூங்காக் கரை சனிக்கிழமைகளில் சின்ன நெல்லியடிச் சந்தி. அங்கே என் பிடி பெரும் வெற்றி பெற்றது. “எங்கை வாங்கினனீங்கள்?” என்ற கேள்விக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன்! “வாங்கேல்லை, செய்தனான்,” என்று சொல்லிவிட்டு, கேட்டவர் தப்பி ஓடுவதற்குமுன் போர்த்துக்கலுக்குப் போய், பின்லாந்துக்கு வந்து, நொவ்கொறொட் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றிரண்டு தடவை மிதப்பு தாண்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். நான் அப்போது 13ஆம் நூற்றாண்டில் இருந்தேன்.

கூட்டத்தைப் பார்த்து மயிலிட்டிக்கார ஐயா ஒருவரும் வந்தார். 1990இல் ஊரைவிட்டு எழும்பியவர்; துறைமுகத்தை 2017இல் இராணுவம் திருப்பிக் கொடுத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். 65 வயது தாண்டியதால் இங்கே மீன்பிடி லைசென்ஸும் அவருக்குத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். தூண்டிலை வாங்கினார். பிடியைத் தடவினார். மேலும் கீழும் பார்த்தார். கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். தொழில் தெரிந்தவர் வாயால் ஒரு சொல் கேட்க எல்லோரும் நின்றோம்.

“நல்ல வேலை தம்பி,” என்றார். “எங்கடை அப்பு வாழ்நாளெல்லாம் கடல்லை நிண்டவர். தங்கூசியை இந்தச் சுட்டுவிரல்லைதான் போடுவார். மீன் மூச்சு விட்டாலும் விரலுக்குத் தெரியும் எண்டுவார்.” பிறகு என் தூண்டிலைத் திருப்பித் தந்துவிட்டு, தகரப் பேணியில் சுற்றியிருந்த தன் தங்கூசியை அவிழ்த்து எறிந்தார். தடி இல்லை, றீல் இல்லை, பிடி அறவே இல்லை. நான் எண்ணெய் பூசிய விதத்தை இன்னொருவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அவருடைய வாளியில் மஞ்சள் பேர்ச் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஆம், அந்த மீனுக்கும் தமிழில் எழுதினால் மரத்தின் பெயர்தான். என் சார்பில் அந்தக் கரையில் நடந்த ஒரே பேர்ச் வேலை என் கையில் இருந்தது.

மிச்சப் பட்டை ஒரு பெட்டி நிறைய இருந்தது. எறிய மனமில்லை. மனுசியின் மீன்வெட்டும் கத்தியின் பிளாஸ்ரிக் பிடி வெடித்துப் பல மாதம். துணி சுற்றி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சொல்லாமல் அந்தக் கத்திக்குப் பின்லாந்து முறையில் பட்டைப் பிடி போட்டேன். கோத்து, நெரித்து, கடைந்து, எண்ணெய் பூசி, குசினியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சனிக்கிழமை தமிழ்க் கடை விளைமீன் வந்தது. அவள் கத்தியை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. செதிள் வழித்து, செட்டை நறுக்கி, வயிற்றைக் கீறி, மளமளவென்று வெட்டினாள். கை முழுக்க மீன் வழுவழுப்பு, பிடி வழுக்கவில்லை.

“இது நல்லா இருக்கே,” என்றாள். உடனே படமெடுத்துச் சகோதரிகளுக்கும் சிநேகிதிகளுக்கும் அனுப்பினாள்.

இப்போது மூத்த மச்சாளின் கத்தி, மார்க்கம் மாமியின் தேங்காய்ச் சுரண்டி, அடுத்த தெரு அக்காவின் அரிவாள் எல்லாம் பெயர் எழுதிய பைகளில் கராஜில் காத்திருக்கின்றன. மார்க்கம் மாமி இரண்டு தரம் ரெலிபோன் எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விரதம் முடிகிறதாம், அதற்குள் வேண்டுமாம். சனிக்கிழமை விடிய மனுசி மீன் கடைக்குப் போகிறாள். நான் றைஸ் லேக் றோட்டில் விறகுக் கடைக்குப் போகிறேன். அந்த முதியவர் இப்போதெல்லாம் நல்ல பட்டையுள்ள கட்டைகளாகப் பார்த்து முன்வரிசையில் அடுக்கிவைத்திருக்கிறார். விலையைக் கொஞ்சம் கூட்டியும் இருக்கிறார்.